புதிய டீச்சரோடு முதல் பருவம்: பின் வரிசையில் உட்கார்வது எப்படி

1988 ஜூனில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, தலைமையாசிரியர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா சாக்பீஸைக் கையில் கொடுத்து, "அந்தக் கடைசி ரூம்தான் உங்களுக்கு, போங்கம்மா" என்றார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து 62 பிள்ளைகள். பயிற்சிப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அங்கே நான் பாடம் எடுத்தால் ஒரு பிள்ளை அசையாது. இங்கே பத்தாவது நிமிடத்தில் ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றான். இரண்டு பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். மத்தியானம் புளியமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சிக் காலத்தில் பிள்ளைகள் அமைதியாக இருந்தது என் பாடத்துக்காக என்று நம்பியிருந்தேன். பின் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர்களுடைய சொந்த டீச்சருக்காக என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. வேலைக்கு வந்த நாளில் அந்த நாற்காலி காலியாகிவிடுகிறது. புதிதாக வருபவர்கள் தடுமாறுவதற்குப் படிப்புக் குறைவு காரணம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தக் காலி நாற்காலிதான் காரணம்.

34 ஆண்டுகள் சிவகங்கை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு ஆண்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து 2022இல் ஓய்வு பெற்றேன். அந்தப் பதினோரு ஆண்டில் என்னிடம் வந்து சேர்ந்த புது ஆசிரியர்களோடு என்ன செய்தேன், எது பலித்தது, எங்கே தவறினேன் என்பதை இங்கே சொல்கிறேன். தலைமையாசிரியர்களும் ஈராசிரியர் பள்ளியில் மூத்தவராக இருப்பவர்களும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய டீச்சர் என்றதும் 22 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்கிறோம். நம் மாநிலத்தில் அப்படி இல்லை. பயிற்சி முடித்து, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, பட்டியலில் காத்திருந்து, முப்பத்தைந்து வயதில் முதல் வகுப்பறைக்குள் வருபவர்கள் நிறைய. நடுவில் மெட்ரிக் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு நின்றிருப்பார்கள், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியிருப்பார்கள், இரண்டு பிள்ளைகளை வளர்த்திருப்பார்கள். அவர்கள் படித்தபோது செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்தன. இப்போது வகுப்பில் இருப்பது அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம். சொல்லித் தருவதற்கு நிறைய இருக்கும். ஆனால் வயதையும் காத்திருப்பையும் மதித்துப் பேச வேண்டும். "உங்களுக்கு இதுகூடத் தெரியலையா" என்ற ஒரு வார்த்தை போதும், அப்புறம் அவர்கள் எதையும் நம்மிடம் கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் வகுப்பைக் கொடுக்காதீர்கள்

சேர்ந்த அன்றைக்கே வகுப்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்கும். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பதுதான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிகளில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டு நாளைக்கு எல்லாப் பிள்ளைகளையும் வராந்தாவில் ஒன்றாக உட்கார வைத்து நானே நடத்துவேன். புது டீச்சர் பிள்ளைகள் நடுவில் பாயில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று: பெயர்.

பெயரைப் பதிவேட்டைப் பார்த்துப் படித்தால் மனதில் நிற்காது. காலை உணவு வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலைச் சாப்பாடு இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் உதவிக்குப் போகிறேன், அங்கே இதைத்தான் செய்கிறோம். தட்டோடு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் பரிமாற வேண்டும். யார் ரவை உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கிறது, யார் இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்படுகிறது, யார் தம்பிக்கு ஊட்டிவிட்டு அப்புறம் சாப்பிடுகிறது என்று பெயரோடு ஒரு சங்கதியும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த டீச்சர் வகுப்பில் நுழைந்தால் பாதிச் சத்தம் தானாக அடங்கும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் யாரும் சொல்லாமல் விடுகிற விஷயங்கள். கழிப்பறைச் சாவி எங்கே தொங்குகிறது, குடிதண்ணீர் எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு வரும், மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை யார் அடிப்பது, சாயங்காலம் கடைசி பஸ் எப்போது, அதை விட்டால் யாரைக் கூப்பிடலாம். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வெளியூரிலிருந்து வந்து தங்குகிற பெண்ணுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் நம் வேலைதான். இரவு தூங்கியிருந்தால்தான் காலையில் பாடம் எடுக்க முடியும்.

ஊரைக் காட்டுங்கள்

முதல் வாரத்தில் ஒரு நாள் நான்கு மணிக்குப் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். எந்தப் பயிற்சிக் கல்லூரியும் இதைச் சொல்லித் தர முடியாது, உள்ளூரில் இருக்கும் நாம்தான் செய்ய வேண்டும்.

எங்கள் ஊர்களைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாரும் வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பிள்ளை, பின்கட்டில் குடியிருக்கிற பிள்ளை. அப்பா ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறையில் இருப்பார், அல்லது விசேஷ வீட்டுச் சமையலுக்கு மாஸ்டரோடு போய்விட்டு நாலு நாள் கழித்து வருவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்துப் போடுவது அப்பத்தா, அதுவும் கைநாட்டு. இதெல்லாம் தெரியாமல் "வீட்டில் யாரும் கவனிப்பதே இல்லை" என்று ஒரு டீச்சர் எழுதி வைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது அநியாயம்.

வருகைக்கும் இது முக்கியம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் புறப்படும் நாள்களிலும், மாசி பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற நாள்களிலும் வகுப்பு காலியாகத்தான் இருக்கும். ஒரு டீச்சர் முதல் வருடம் தை மாதத்தில் என்னிடம் வந்து, "என் வகுப்பு பிடிக்காமத்தான் நின்னுட்டாங்களோ டீச்சர்" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஜூன் மாதமே ஊர்த் திருவிழா நாள்களை நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம் பேச்சு. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் இரண்டாம் வகுப்பில் ஏரியைப் பற்றிப் பாடம் எடுத்தார். "நீங்க ஏரி பார்த்திருக்கீங்களா?" ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிச் சுவரை ஒட்டியே கண்மாய் கிடக்கிறது. மூன்று முறை கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த நாள் நான் சொன்னேன்: "இங்க ஏரின்னு யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. கண்மாய்னு கேட்டுப் பாருங்க." கேட்டார். மடை எங்கே இருக்கிறது, தண்ணீர் வற்றினால் எந்தக் கரையில் மீன் பிடிப்பார்கள், போன வருடம் யார் வீட்டு ஆடு சேற்றில் மாட்டியது என்று அரைமணி நேரம் நிறுத்த முடியவில்லை. அதன் பிறகு அந்த டீச்சரே ஒரு நோட்டில் ஊர்ச் சொற்களை எழுதிக்கொண்டார். ஊருணி, வளவு, முகப்பு, கொட்டான் எல்லாம் அதில் இருந்தன.

முதலில் உங்கள் வகுப்பைத் திறந்து வையுங்கள்

அவர் வகுப்பில் போய் உட்காருவதற்கு முன்னால் அவரை உங்கள் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாம் முதலில் போனால் அது ஆய்வு ஆகிவிடும். வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பிஇஓ, வந்த மாதிரி டீச்சர் கை நடுங்கும்.

நல்லா வரும் பாடத்தை மட்டும் காட்டவும் கூடாது. நான் வேண்டுமென்றே கடன் வாங்கிக் கழித்தல் எடுக்கும் நாளுக்குத்தான் கூப்பிடுவேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 35 என்று எழுதும். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். முப்பது வருடம் எடுத்த பிறகும் எனக்கு அந்தப் பாடம் ஒரே நாளில் முடிந்ததில்லை. குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டுவேன், சிலருக்குப் புரியும், சிலருக்குப் பத்து ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றிக் காட்டினால்தான் புரியும். மணி அடித்ததும் புது டீச்சரிடம், "இன்னைக்கு எத்தனை பேருக்கு வரலைன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். மூத்தவர்களுக்கும் பாடம் பாதியில் நிற்கும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், தன் வகுப்பில் நின்றுபோனதை நம்மிடம் சொல்லத் தயங்க மாட்டார்.

பின் வரிசையும் 40 பக்க நோட்டும்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து, வாரம் ஒரு முறை, ஒரு பீரியட். முன்னாலேயே நாளும் நேரமும் பேசிக்கொள்ள வேண்டும், திடீரென்று நுழையக் கூடாது. "இந்தத் தடவை எதைப் பார்க்கட்டும்?" என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்கிற ஒன்றை மட்டும் பாருங்கள். "எல்லாத்தையும் பாருங்க டீச்சர்" என்று சொன்னால், "யார் யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் பார்க்கிறேன்" என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

நாற்காலி வேண்டாம். பிள்ளைகளோடு பின்னால் தரையில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் நம்மைப் பார்த்து அடங்கிவிடுவார்கள், 1988இல் நான் ஏமாந்த மாதிரி அந்த டீச்சரும் ஏமாந்துபோவார். பிள்ளைகள் எப்போதும் போல் இருக்க வேண்டும். நான்கைந்து வாரத்தில் அவர்கள் நம்மை மறந்துவிடுவார்கள்.

கையில் ஒரு 40 பக்க நோட்டு. விரித்தால் இடப்பக்கம் டீச்சர் சொன்னது, செய்தது. வலப்பக்கம் அப்போது பிள்ளைகள் சொன்னது, செய்தது. ஓரத்தில் மணி. அவ்வளவுதான். "நன்று", "முன்னேற்றம் தேவை" என்ற சொற்கள் அந்த நோட்டில் வரவே கூடாது. "10.20: டீச்சர் கரும்பலகையில் எழுதுகிறார், வகுப்புக்கு முதுகு. ஜன்னலோரம் மூன்று பேர் புளியங்கொட்டை விளையாட்டு. 10.24: டீச்சர் திரும்புகிறார். கொட்டை பைக்குள்." இப்படி எழுதினால் போதும். படிக்கிறபோது டீச்சரே கண்டுபிடித்துக்கொள்வார். "நீங்க போர்டுல ரொம்ப நேரம் எழுதறீங்க" என்று நாம் சொன்னால் மனம் வாடும். நோட்டில் நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தால் அது வெறும் நேரம், யாரையும் குத்தாது.

ஒரு எண்ணிக்கையை மட்டும் தவறாமல் எடுப்பேன். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் கொண்டுபோனதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே இல்லாமல் போவது குறைந்தது, கேட்காமலே பேச வருபவர்கள் கூடினார்கள். என் வகுப்பிலும் ஒருமுறை சக ஆசிரியரை எண்ணச் சொன்னேன். எனக்கும் ஒன்றரை விநாடிதான் வந்தது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் பழக்கம் அதன் பிறகுதான் வந்தது. புது டீச்சருக்கு அந்த மூன்று விநாடி மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். வகுப்பு கைவிட்டுப் போய்விட்டது என்று பயந்து அவரே பதிலைச் சொல்லிவிடுவார். அந்தப் பயத்தைப் போக்க ஒரே வழி, காத்திருந்த இடத்தில் வலப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுவதுதான்: "ஐந்து விநாடி. கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்குகிறான்."

வகுப்பு நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். இது எனக்கு வலியோடு வந்த பாடம். தலைமையாசிரியரான இரண்டாம் வருடம், ஒரு புது டீச்சர் கரும்பலகையில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினார். ணகரம் வர வேண்டிய இடத்தில் னகரம். நான் பின்னாலிருந்து எழுந்துபோய்ச் சாக்பீஸை வாங்கித் திருத்தினேன். கோபமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் 30 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் முழுக்க அவர் நான் தாழ்வாரத்தில் நடந்தால்கூட எழுதுவதை நிறுத்திவிடுவார். மன்னிப்புக் கேட்டேன், அவர் "பரவாயில்லைங்க டீச்சர்" என்றார், ஆனால் போனது போனதுதான். மறு வருடம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிழையை மத்தியானம் தனியாகச் சொல்லியிருந்தால், மறுநாள் அவரே "நேத்து நான் ஒரு எழுத்தைத் தப்பா எழுதிட்டேன், யாரு கண்டுபிடிக்கிறீங்க?" என்று பிள்ளைகளிடம் கேட்டுத் திருத்தியிருக்கலாம். பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடமாகியிருக்கும்.

அன்று சாயங்காலமே பேசிவிட வேண்டும். கால் மணி நேரம், டீ குடித்துக்கொண்டே. நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இடத்தில உங்களுக்கே சந்தோஷமா இருந்துச்சு?" பிறகு நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன், அவரே வாசிக்கட்டும். கடைசியாக, அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டு வேண்டாம். நோட்டு அவரிடமே இருக்கட்டும். அதிலுள்ள ஒரு வரி பிஇஓவிடமோ சக ஆசிரியர்களிடமோ போகக் கூடாது. வட்டார வள மையத்திலிருந்து வருபவர் கேட்டாலும் நோட்டைக் காட்டாதீர்கள்.

எது மாதிரி மாற்றம் என்று ஓர் உதாரணம். பயிற்சியில் 45 நிமிடத்துக்கு அழகாகப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொள்கிறார்கள், ஒரே வகுப்புக்கு. இங்கே 2022 முதல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகள் கற்ற அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை, ஒரே அறையில். புது டீச்சர் வழக்கமாக அரும்புப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டு எழுத்து சொல்லித் தர ஆரம்பிப்பார். மலர்ப் பிள்ளைகள் சும்மா இருந்து, மூன்றாவது நிமிடத்தில் சண்டை. மாற்றம் இதுதான்: தானாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு முதலில் வேலை கொடுத்துவிட்டு, கூட உட்கார வேண்டியவர்களிடம் கடைசியில் வாருங்கள். மலருக்கு வாசித்து எழுத ஒரு பக்கம், மொட்டுக்குக் கீழ்மட்டக் கரும்பலகையில் சொல் எழுதும் வேலை, அப்புறம் அரும்போடு தரையில் உட்காரலாம். வேலையை மாற்றி வைத்ததும் கிடைக்கிற பத்து நிமிட அமைதியைப் பார்த்து ஒரு டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு டீச்சர் வடிவங்கள் பாடத்துக்கு இரவெல்லாம் விழித்து சார்ட் போட்டு வந்தார். கலர் காகிதத்தில் சதுரமும் முக்கோணமும். என் வலப்பக்கத்தில் எழுதியிருந்தது: "ஒரு பையன்: எங்கப்பா கண்ணாடி மேல அச்சு வச்சு இதத்தான் ஊத்துறாரு. டீச்சர் கேட்கவில்லை." சாயங்காலம் வாசித்ததும் அவரே, "நாளைக்கு அவனையே பேச விடட்டுமா?" என்றார். மறுநாள் அந்தப் பையன் உடைந்த ஆத்தங்குடிக் கற்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். கண்ணாடியில் அச்சு வைத்து, கலரைப் பிரித்துப் பிரித்து ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள் என்று சொன்னான். நாலு கல்லைச் சேர்த்தால் நடுவில் பூ வருகிறது, ஒன்றைத் திருப்பி வைத்தால் பூ கெட்டுப்போகிறது. அன்றைக்கு வகுப்பு முழுவதும் தரையில்தான் இருந்தது.

சத்தம், பிரம்பு, தொண்டை

"முதல் நாளே கண்டிப்பா இருந்தாத்தான் பயப்படுவாங்க" என்று புதிதாக வந்தவரிடம் நாலு பேராவது சொல்வார்கள். சொல்பவர்களிடம் நேரிலேயே பேசி நிறுத்துங்கள். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான். ஆனால் பிரம்பை வாங்கி வைத்துவிட்டு மாற்றாக எதுவும் தராமல் விட்டால் புது டீச்சர் நட்டாற்றில் நிற்பார். டச்சு ஆய்வாளர் சைமன் வீன்மன் 1984இல் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, புதிய ஆசிரியர்களுக்கு இருக்கும் சிரமங்களில் முதலிடத்தில் நின்றது வகுப்பு ஒழுங்குதான். ஊர் எதுவானாலும் முதல் வருடத்துச் சங்கடம் ஒன்றுதான்.

மாற்றாகக் கொடுக்க வேண்டியது பழக்கங்கள். உள்ளே வந்து உட்காருவது, நோட்டு பென்சில் எடுத்து வைப்பது, தண்ணீர் குடிக்கவும் ஒன்றுக்குப் போகவும் கேட்பது. இந்த மூன்றையும் முதல் வாரத்தில் பாடம் மாதிரியே சொல்லிக் கொடுத்து, விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள். அமைதிக்கு ஒரு சைகை போதும்: கைதட்டலோ பாட்டின் ஒரு வரியோ. எதுவானாலும் எல்லா வகுப்பிலும் அதுவே இருக்கட்டும், பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

ஜூலையில் எல்லாப் புது டீச்சருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும். கத்துவதால்தான். சத்தம் கூடினால் குரலைக் கூட்டாமல், பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தம் வரும் இடத்துக்கு நடந்து போய் நிற்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் வெந்நீர் எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

பதிவேடும் போனும்

இதில் எனக்குக் கோபமே வரும். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை" என்று சொல்லி, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவிலிருந்து விலையில்லாப் பொருள் கணக்குவரை எல்லாவற்றையும் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூத்தவர்கள் செய்யும் பெரிய துரோகம் இதுதான். முதல் பருவத்தில் அவருக்கு இரண்டே வேலை: வருகைப் பதிவு, பாடக்குறிப்பு. மற்றதைத் தலைமையாசிரியரும் மூத்தவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். எனக்கும் டைப் அடிக்க வராமல்தான் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

பாடக்குறிப்பும் பயிற்சியில் எழுதியது போல எட்டுப் பக்கம் வேண்டாம். என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள், எதை வைத்துச் சொல்லித் தரப்போகிறேன், புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பேன். அரைப் பக்கத்தில் முடியும்.

ஆகஸ்ட் கடைசியைக் கவனியுங்கள்

முதல் இரண்டு மாதம் உற்சாகத்தில் ஓடிவிடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து முதல் பருவத் தேர்வு வரைக்கும்தான் பல பேர் உள்ளுக்குள் உடைகிறார்கள். அடையாளங்கள் உண்டு. திங்கட்கிழமை தோறும் சிஎல், அதாவது தற்செயல் விடுப்பு. மத்தியானம் தனியாகப் போய்ச் சாப்பிடுவது. சார்ட் போடுவது நின்றுபோவது. பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெயர் சொல்லாமல் "இதுங்க" என்று சொல்வது. இந்த "இதுங்க" என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்போது அறிவுரை எடுபடாது. நான் செய்வது இரண்டு. ஒன்று, அவருடைய வகுப்பை ஒரு நாள் நான் எடுத்துக்கொண்டு, அவரை வேறொரு பள்ளிக்கு அனுப்புவேன், அங்கே அவரைப் போலவே புதிதாக வந்த இன்னொருவர் வகுப்பைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. தனக்கு மட்டும்தான் வரவில்லை என்ற நினைப்பு அங்கே போய்விடும். இரண்டு, ஜூன் மாதம் பிள்ளைகள் எழுதிய முதல் பக்கத்தை ஒவ்வொருவருடையதாக எடுத்து வைத்திருப்பேன். புது டீச்சர் வந்த முதல் வாரமே தேதி போட்டு எடுத்து வைத்துவிட வேண்டும். செப்டம்பரில் அதையும் அன்றைய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 'அ'வைத் தலைகீழாக எழுதிய பிள்ளை இப்போது தன் பெயரையும் அப்பா பெயரையும் எழுதுகிறது. தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வளர்ச்சி படாது.

பெற்றோரை முதன்முதலாகச் சந்திக்கும்போதும் பக்கத்தில் இருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "புது டீச்சர் வந்ததிலேருந்து எம்புள்ள ஒண்ணும் படிக்கலை" என்று சத்தம் போட்டார். நான் டீச்சருக்காகப் பதில் சொல்லவில்லை. "பிள்ளையோட நோட்டைக் கொண்டுவாங்கம்மா, அண்ணனுக்குக் காட்டுவோம்" என்றேன். டீச்சரே பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அந்தத் தகப்பனார் கடைசியில் கேட்டது, வீட்டில் அவன் அம்மா என்ன சொல்லித் தரலாம் என்றுதான்.

எப்போது நிறுத்துவது

அரையாண்டு முடிந்ததும் வாரம் ஒரு முறை என்பதை மாதம் ஒரு முறையாகக் குறையுங்கள். நோட்டின் வலப்பக்கத்தை டீச்சரே எழுத ஆரம்பித்திருந்தால், அதாவது நாம் சொல்வதற்கு முன்பே "இன்னைக்கு அந்தப் பொண்ணு ஒரு தடவைகூடப் பேசலை டீச்சர்" என்று வந்து சொன்னால், இனி உட்காரத் தேவையில்லை. மூன்றாம் பருவத்தில் கூப்பிட்டால் மட்டும் போங்கள். கூப்பிடவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம்.

இப்போது உதவிக்குப் போகும் பள்ளியில் பிப்ரவரியில் ஒரு நாள் வழக்கம்போலப் பின் வரிசையில் உட்காரப் போனேன். அந்த இடத்தில் பையன் ஒருவன் பாயை விரித்து நாலு அரும்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். டீச்சர் மலரோடு இருந்தார். "இடம் இல்லையே அம்மா" என்று சிரித்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து காலை உணவுத் தட்டுகளை எண்ணிவிட்டு, பதினொன்றரை பஸ்ஸுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.